நான்சி பேர்ட் உண்மையில் என்ன வேலை செய்தார்?

கேள்வி: ஓடுபாதை ஓரத்தான்

அனைவருக்கும் வணக்கம். விமானங்களின் மீது எழுதியிருக்கும் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதி, அந்தப் பெயருக்குரியவர் யாரென்று தேடிப் படிப்பது எனக்குச் சிறு வயது முதலான பழக்கம். ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமான நிறுவனம் வாங்கிய முதல் ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பெயர் ‘நான்சி பேர்ட் வால்டன்’. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய சில நிமிடங்களில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே எஞ்சின் ஒன்று வெடித்துச் சிதறிய பிறகும், உள்ளே இருந்த 469 பேரையும் காயமின்றிச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கினார்களே, அந்த விமானம்தான் இது.

இந்தப் பெயரைத் தேடியபோது கிடைத்தவையெல்லாம் சிறு குறிப்புகள். ‘அவுட்பேக்கின் தேவதை’, அதாவது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியின் தேவதை, என்று ஒரு குறிப்பு சொல்கிறது. தமிழில் நான் பார்த்த ஒன்று ‘ஆஸ்திரேலியாவின் முதல் பறக்கும் மருத்துவர்’ என்றே எழுதிவிட்டது. ஆனால் அவர் மருத்துவம் படித்ததாக எங்கும் காணவில்லை. 13 வயதில் பள்ளியை விட்டவர் என்றுகூட ஓரிடத்தில் இருக்கிறது. அப்படியானால் அவர் மருத்துவச் சேவையில் செய்த வேலைதான் என்ன? ஜான் ஃபிளின் தொடங்கிய புகழ்பெற்ற பறக்கும் மருத்துவர் சேவையில் அவர் இருந்தாரா? இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 1935-இல் தொடங்கிய வேலையை 1938-இல், 22 வயதிலேயே விட்டுவிட்டார் என்று தெரிகிறது. இவ்வளவு புகழப்படும் ஒரு சேவை ஏன் மூன்றே ஆண்டுகளில் முடிந்தது? ‘பேர்ட்’ என்பது பட்டப்பெயரா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.


பதில்: செம்மண் சாலை

நண்பருக்கு வணக்கம். நான் இருபது ஆண்டுகளாகச் சிட்னியில் வசிக்கிறேன். இந்த அம்மையாரின் வாழ்க்கையை ஓரளவு படித்திருக்கிறேன். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ‘பேர்ட்’ என்பது அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். பறக்கப் பிறந்தவருக்குப் பறவை என்றே குடும்பப் பெயர் வாய்த்தது தற்செயல்தான். 1939-இல் சார்லஸ் வால்டனை மணந்த பிறகும் கணவர் ‘நான்சி-பேர்ட்’ என்று சேர்த்தே அழைத்ததால் அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அவர் 1915 அக்டோபர் 16 அன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கியூ என்ற சிற்றூரில் பிறந்தார். பெருமந்தக் காலத்தில் 13 வயதில் பள்ளியை விட்டுக் குடும்பத்துக்கு உதவப் போனது உண்மையே. 1933-இல், 18 வயது நிறைவதற்குள், சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் சிட்னியின் மாஸ்காட்டில் அப்போதுதான் தொடங்கியிருந்த விமானப் பள்ளியில் சேர்ந்தார். பசிபிக் பெருங்கடலை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த அந்த மனிதர், 1935 நவம்பரில் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூர் நோக்கிப் பறந்தபோது அந்தமான் கடலுக்கு மேல் காணாமல் போனார். அவர் பெயர்தான் சிட்னி விமான நிலையத்துக்கு இருக்கிறது. நகரின் மேற்கே கட்டப்பட்ட இரண்டாவது விமான நிலையத்துக்கு 2019-இல் அவருடைய மாணவியின் பெயரைச் சூட்டினார்கள். ஆசிரியர் பெயரில் ஒன்று, மாணவி பெயரில் ஒன்று என ஒரே நகரத்தில் இரு விமான நிலையங்கள் அமைந்த வேறு ஊர் எனக்குத் தெரிந்து இல்லை.

19 வயதில் நான்சி வணிக விமானி உரிமம் பெற்றார். ஆனால் ஒரு பெண்ணுக்கு விமானி வேலை தர எந்த நிறுவனமும் முன்வராத காலம் அது. உறவுக்காரப் பாட்டி ஒருவர் விட்டுச்சென்ற பணத்தையும் தந்தை தந்த பணத்தையும் சேர்த்து, ஏற்கெனவே பறந்து பழகிய ஒரு ஜிப்சி மாத் விமானத்தை வாங்கினார். தோழி பெகி மெக்கில்லாப்புடன் ஊர் ஊராகப் பறந்து, கண்காட்சிகளிலும் குதிரைப் பந்தயத் திடல்களிலும் இறங்கி, கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களை வானில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதுதான் இருவருடைய தொழிலாக இருந்தது. நம் ஊர்த் திருவிழா ராட்டினத்துக்கு அடுத்த படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பயணத்தில் டப்போ நகரில் ஸ்டான்லி டிரம்மண்ட் என்ற மெதடிஸ்ட் பாதிரியாரைச் சந்தித்ததுதான் திருப்பம். மாநிலத்தின் வறண்ட மேற்கில் வாழும் குழந்தைகளைக் கடலோரத்துக்கு அழைத்துவந்து மருத்துவம் பார்ப்பதற்காக டிரம்மண்ட் 1924-இல் ஒரு அறநிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். தூர மேற்குக் குழந்தைகள் நலத் திட்டம் என்பது அதன் பெயர். பின்னாளில் ‘ராயல்’ என்ற அடைமொழியும் சேர்ந்தது. குழந்தைகளைக் கடலுக்குக் கூட்டிவருவது ஒரு பக்கம் இருக்க, செவிலியரை அவர்கள் வீட்டுக்கே அனுப்பினால் என்ன என்பது அவருடைய அடுத்த யோசனை. செவிலியரைக் காரில் அனுப்பினால் ஒரு மழையில் கரிசல் பாதை களிமண்ணாகி, சக்கரம் அச்சு வரை புதைந்து, நாள் கணக்கில் வழியிலேயே நின்றுவிட வேண்டியதுதான். ஆகவே விமானம். அறநிறுவனத்திடமோ விமானமும் இல்லை, விமானம் வாங்கப் பணமும் இல்லை. சொந்தமாக விமானம் வைத்திருந்த 19 வயதுப் பெண் எதிரில் நின்றார்.

இங்கேதான் நண்பரின் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. நான்சி மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. அவர் விமானி. டார்லிங் ஆற்றங்கரையிலுள்ள பர்க் நகரைத் தளமாகக் கொண்டு, ஒரு செவிலியரை ஏற்றிச்சென்று ஆட்டுப் பண்ணை வீடுகளில் இறக்குவார். சுற்றுவட்டத் தாய்மார்கள் குழந்தைகளோடு அந்தப் பண்ணைக்கு வந்து காத்திருப்பார்கள். செவிலியர் குழந்தையின் எடை பார்ப்பார், கண் நோய், தோல் நோய் பார்ப்பார், பாலூட்டுவதைப் பற்றிச் சொல்வார், மருத்துவமனைக்குப் போக வேண்டிய குழந்தையைக் குறித்துக்கொள்வார். ‘மணல் கண்நோய்’ என்று அங்குள்ளவர்கள் சொல்லும் டிரக்கோமா அன்று அந்தப் பகுதியில் பெருந்தொல்லையாக இருந்தது. கவனிக்காமல் விட்டால் பார்வையையே பறித்துவிடும் நோய் அது. இடையிடையே, உடனடியாக மருத்துவமனை சேர வேண்டிய நோயாளிகளையும் அவர் தன் விமானத்தில் ஏற்றிவந்தது உண்டு. ஆனால் பெரும்பகுதி வேலை இந்த நிதானமான, அலுப்பூட்டும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய சுற்றுதான். ‘தேவதை’ என்ற பட்டம் அந்தச் சுற்றை மறைத்துவிட்டு, உயிர் காக்கும் காட்சியை மட்டும் முன்னால் வைக்கிறது என்பது என் குறை. அவரே பிற்காலத்தில் இந்த வேலையைப் பற்றிப் பேசும்போது மனநிறைவு தந்த வேலை, ஆனால் தனிமையான வேலை என்றுதான் சொன்னார்.


பதில்: மேலூரான்

செம்மண் சாலை ஐயா விரிவாக எழுதியிருக்கிறார். ஆயினும் ‘பறக்கும் மருத்துவர் சேவை’ என்பதை இவ்வளவு கறாராகப் பிரிக்க வேண்டுமா? விமானத்தில் மருத்துவ உதவி கொண்டுபோனார், அவ்வளவுதானே. மக்கள் பேச்சில் அதைப் பறக்கும் மருத்துவர் என்று சொன்னால் குடி முழுகிவிடாது என்பது என் எண்ணம்.


பதில்: செம்மண் சாலை

மேலூராருக்கு: பேச்சில் சொன்னால் தவறில்லை. வரலாறு எழுதும்போதுதான் சிக்கல். ஃபிளினின் சேவை 1928 மே 17 அன்று குயின்ஸ்லாந்தின் கிளான்கரியிலிருந்து ஜூலியா கிரீக் என்ற ஊருக்குப் பறந்த பயணத்தோடு தொடங்கியது. மருத்துவர் வெல்ச், விமானி ஆர்தர் அஃப்ளெக், குவான்டாஸிடம் வாடகைக்கு எடுத்த ‘விக்டரி’ என்ற டிஎச்50 விமானம் என்று எல்லாமே பதிவாகியிருக்கிறது. முதல் ஆண்டில் 50 பயணங்கள், 225 நோயாளிகள். அங்கே விமானி சம்பளக்காரர். விமானம் குவான்டாஸுடையது. தொழிலதிபர் ஒருவர் உயிலில் எழுதிவைத்த 2,000 பவுண்டு பின்பலமாக இருந்தது.

அதைவிட முக்கியமானது வானொலி. அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் டிரேகர் செய்த மிதி வானொலி 1929 முதல் பண்ணை வீடுகளுக்குப் போகத் தொடங்கியது. மின்சாரமே இல்லாத வீட்டில் ஒருவர் உட்கார்ந்து சைக்கிள் போலக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கிச் செய்தி அனுப்பலாம். முதலில் மோர்ஸ் குறியீடு, பிறகு பேச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் சொல்ல, மருத்துவர் விமானம் ஏறாமலேயே மருந்து சொல்லிவிடும் நிலை அதனால்தான் வந்தது. 1942 முதல் பண்ணைகளில் எண்ணிட்ட மருந்துப் பெட்டியும் வைத்துவிட்டார்கள். மருந்தின் பெயரைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை, எண்ணைச் சொன்னால் போதும். நான்சியின் சுற்றுக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. ஃபிளினின் சேவை அப்போது எட்டியிராத பகுதியில் அவர் பறந்தார். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், அவர் எவ்வளவு குறைந்த வசதியோடு அந்த வேலையைச் செய்தார் என்பதே தெரியாமல் போய்விடும்.


பதில்: காற்றுமானி

நான் பொழுதுபோக்காகச் சிறு விமானம் ஓட்டக் கற்றவன். அந்த வசதிக்குறைவு விமானத்துக்குள் எப்படியிருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஜிப்சி மாத் என்பது மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய, இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட விமானம். முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த குழிகள், அவற்றில் இரண்டு இருக்கைகள். விமானி பின்னால் உட்கார்ந்து ஓட்டுவார், பயணி முன்னால். தலைக்கு மேல் கூரை இல்லை. எஞ்சின் இரைச்சலில் இருவரும் பேசிக்கொள்ள ஒரு குழாய் மட்டும் உண்டு. வேகம் மணிக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர். நல்ல எதிர்க்காற்று அடித்தால் கீழே போகும் ரயில் உங்களை முந்திவிடக்கூடும். சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. எஞ்சினைக் கிளப்ப ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும். ஆளில்லாத மேய்ச்சல் நிலத்தில் தனியாக நிற்கும் விமானி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, விசிறியைச் சுழற்றி, எஞ்சின் பிடித்ததும் ஓடிவந்து கட்டையை எடுத்து, விமானம் தானாக நகர்ந்துவிடுவதற்குள் ஏறி உட்கார வேண்டும். கை ஒரு நொடி தாமதித்தால் விசிறி விரலைக் கொண்டுபோய்விடும்.

பெட்ரோல் தகர டின்களில் வந்து வெயிலில் காத்திருக்கும். அதில் தண்ணீரும் தூசியும் கலந்திருக்கும் என்பதால், புனலில் மென்தோலை விரித்து வடிகட்டித்தான் ஊற்றுவார்கள். மென்தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. அவசரத்தில் இந்த வேலையைச் சுருக்கியவர்கள் பலர் பாதி வழியில் எஞ்சின் நின்று இறங்கியிருக்கிறார்கள்.

வழி கண்டுபிடிப்பது தனிக் கலை. விமானிகளுக்கான வரைபடம் அந்தப் பகுதிக்கு இல்லாததால் காரோட்டிகளின் சாலை வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு பறந்தார் நான்சி. வானொலி இல்லை. திசைகாட்டியும் கைக்கடிகாரமும் உண்டு. இத்தனை மணிக்குக் கிளம்பினோம், இன்ன வேகம், இன்ன திசை, ஆகவே இப்போது இங்கே இருக்க வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடிப்பதைக் கவனிக்காமல் ஒரு மணி நேரம் பறந்தால், போய்ச்சேர வேண்டிய வீட்டிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி நிற்பீர்கள். தட்டையான செம்மண் வெளியில் 30 கிலோமீட்டர் என்றால் வீடு கண்ணுக்கே தெரியாது. அதனால் தரையில் கோடு தேடிப் போவார்கள். ஆற்றின் ஓரமாக நிற்கும் மரவரிசை ஒரு கோடு. ஆட்டுப் பண்ணைகளின் கம்பிவேலி இன்னொரு கோடு. ரயில் பாதை எல்லாவற்றிலும் உத்தமம். செம்மண் சாலை ஐயா அந்தப் பக்கம் போயிருந்தால் ரயில் பாதையைப் பற்றிச் சொல்லட்டும்.

கோடையில் 40 டிகிரிக்கு மேல் வெயில் ஏறும்போது காற்றின் அடர்த்தி குறைந்துவிடும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினின் வலுவும் குறையும். காலையில் எளிதாக எழும்பிய அதே நிலத்தில் நண்பகலில் இரண்டு மடங்கு தூரம் ஓடினாலும் எழும்புமா என்பது சந்தேகம். மேலே போனாலும் வெப்பக் காற்று தூக்கித் தூக்கிப் போடும். முன்குழியில் உட்கார்ந்திருக்கும் செவிலியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வாந்தி எடுத்தபடி வந்து இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு, உடனே இருபது குழந்தைகளைப் பார்க்க வேண்டும். நான்சிக்குக் கிடைக்கும் புகழில் பாதியை அந்தச் செவிலியருக்குக் கொடுப்பேன் நான்.

பின்னர் நான்சி வாங்கிய லெப்பர்டு மாத் விமானம் எவ்வளவோ மேல். மூடிய அறை, முன்னால் விமானி, பின்னால் இருவர் அருகருகே உட்காரும் இடம், 130 குதிரைத்திறன் எஞ்சின், மணிக்கு 190 கிலோமீட்டர் அளவுக்கு வேகம். குழந்தையை மடியில் வைத்த தாயை வெயிலும் தூசியும் படாமல் கூட்டிவர அதில்தான் முடியும்.


பதில்: ஓடுபாதை ஓரத்தான்

மூவருக்கும் நன்றி. என் குறிப்பேட்டில் ‘மருத்துவர்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். மென்தோல் வடிகட்டி பற்றிப் படித்தபோது, எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்புக்கு என் அம்மா துணி போட்டு வடிகட்டியது நினைவுக்கு வந்தது. ஆனால் 1938-இல் ஏன் நிறுத்தினார் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. விபத்து ஏதாவது நேர்ந்ததா? திருமணம்தான் காரணம் என்றால் அது 1939-இல்தானே நடந்தது?


பதில்: செம்மண் சாலை

விபத்தும் இல்லை, திருமணமும் இல்லை. பணம்தான்.

கணக்கைப் பாருங்கள். விமானம் அவருடையது. அதன் எரிபொருள், எஞ்சின் பழுது, காப்பீடு, உரிமத்துக்கான ஆய்வு எல்லாம் அவர் பொறுப்பு. டிரம்மண்டின் நிறுவனமோ நன்கொடையை நம்பி நடப்பது. அது தரக்கூடிய தொகை ஒரு விமானத்தை வானில் வைத்திருக்கப் போதாது. எனவே செவிலியரை ஏற்றிச்செல்லாத நாட்களில் அவர் வாடகைக்குப் பறந்தார். பண்ணைக்காரர்கள், வியாபாரிகள், அவசரமாக ஊர் போக வேண்டியவர்கள் என்று கிடைத்த சவாரியையெல்லாம் ஏற்றிக்கொண்டார். மழை பொய்த்து ஆடுகள் மடியும் ஆண்டில் வாடகைக்கு விமானம் பிடிப்பவர் யார்? பர்க்கில் வருமானம் போதாமல் பிறகு குயின்ஸ்லாந்துப் பக்கம் இடம் மாறினார். அங்கும் ஓயாத தனிமை, ஓயாத வெயில். 1938-இல் நிறுத்தினார். இடையில் 1936-இல் அடிலெய்டுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையிலான வான்பந்தயத்தில் பெண்களுக்கான கோப்பையை வென்றது செய்தித்தாள்களில் பெயர் வாங்கித் தந்தது. பெயரை வைத்துக்கொண்டு பெட்ரோல் வாங்க முடியுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபிளினின் சேவை நீடித்ததற்கு ஃபிளினுடைய மன உறுதியைக் காரணமாகச் சொல்வது வழக்கம். மன உறுதி நான்சிக்கும் குறைவில்லை. அங்கே உயில் பணம் இருந்தது, தேவாலயத்தின் அமைப்பு இருந்தது, குவான்டாஸ் இருந்தது, பிறகு அரசுகளின் உதவித்தொகையும் வந்தது. ஒரு விமானி களைத்துப்போனால் இன்னொரு விமானி அமர்த்தப்பட்டார். நான்சியின் சேவையில் நான்சி களைத்துப்போனால் சேவையே களைத்துப்போயிற்று. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

காற்றுமானி கேட்ட ரயில் பாதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் டப்போவிலிருந்து பர்க்குக்குக் காரில் போனேன். நைங்கன் என்ற ஊரைத் தாண்டியதும் சாலையும் ரயில் பாதையும் அருகருகே வடமேற்காக ஓடுகின்றன. அந்தப் பாதை 180 கிலோமீட்டருக்கும் மேலாக ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகப் போகிறது. இப்போது அங்கே ரயில் ஓடுவதில்லை. தண்டவாளத்துக்கு இடையே புல் முளைத்துக் கிடக்கிறது. காரில் இரண்டு மணி நேரம் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் போவது எனக்குத் தூக்கத்தை வரவழைத்தது. மேலிருந்து பார்க்கும் விமானிக்கு அந்தக் கோடு தெய்வம் போட்ட கோடாக இருந்திருக்கும். பர்க்கில் முடிகிறது அந்தக் கோடு. அதற்கு மேற்கே ரயிலும் இல்லை, கோடும் இல்லை. ஆஸ்திரேலியர்கள் எட்டாத தொலைவைக் குறிக்க ‘பர்க்குக்கு அந்தப் பக்கம்’ என்று சொல்வார்கள். நம்மவர்கள் ‘தண்ணியில்லாக் காடு’ என்று சொல்வதைப் போல. நான்சிக்கு வேலையே அந்தப் பக்கத்தில்தான்.


பதில்: ஓய்வுபெற்ற செவிலி

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். தோளில் வேக்சின் கேரியரையும் அதற்குள் ஐஸ் பேக்கையும் சுமந்துகொண்டு பேருந்து போகாத ஊருக்கு நடந்தவள். அதனால் நான்சிக்கு அடுத்த தலைமுறையில் வந்த இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் விமானியும் ஆவார், செவிலியரும் ஆவார்.

ராபின் மில்லர் 1940-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். தந்தை ஹாரி மில்லர் அந்த மாநிலத்தில் விமானப் போக்குவரத்து நிறுவனம் தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர். மகள் செவிலியப் பயிற்சி முடித்துக்கொண்டே விமானி உரிமமும் பெற்றார். அக்காலத்தில் போலியோவுக்கு சாபின் சொட்டு மருந்து பரவலாக வந்துகொண்டிருந்தது. நம் பிள்ளைகளுக்கு இரண்டு சொட்டு என்று வாயில் விட்டோமே, அதே வகை மருந்துதான். அங்கே அதைச் சர்க்கரைக் கட்டியில் விட்டுக் கொடுத்தார்கள். மருந்து உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமியால் ஆனது என்பதால் வெப்பம் பட்டால் வீணாகிவிடும். மாநிலத்தின் வடக்கில் கிம்பர்லி, பில்பரா பகுதிகளில் ஊருக்கும் ஊருக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். வெயிலோ சொல்ல வேண்டியதில்லை. சாலை வழியே போனால் மருந்து போய்ச்சேர்வதற்குள் குளிர்ச்சி போய்விடும்.

ராபின் சுகாதாரத் துறையிடம் போய், நானே பறந்து போய்க் கொடுக்கிறேன் என்று கேட்டார். கடன் வாங்கி ஒரு செஸ்னா 182 விமானத்தை வாங்கினார். 1967 மே மாதம் தொடங்கி 1969-க்குள் ஏறத்தாழ 69,000 கிலோமீட்டர் பறந்து 37,000 தவணைகளுக்கு மேல் மருந்து கொடுத்தார். சுரங்க ஊர், மாட்டுப் பண்ணை, மிஷன் குடியிருப்பு, பழங்குடி மக்களின் முகாம் என்று ஒன்றையும் விடவில்லை. பழங்குடிக் குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் ‘சர்க்கரைப் பறவை அம்மா’ என்று தமிழில் சொல்லலாம். வானத்திலிருந்து இறங்கிவந்து சர்க்கரை கொடுப்பவரை வேறு எப்படி அழைப்பார்கள்?

37,000 என்ற எண்ணைப் படிப்பவர்கள் எளிதாகக் கடந்துவிடுவார்கள். வேலை செய்தவளுக்குத்தான் அதன் பாரம் தெரியும். முதல் தவணை கொடுத்த குழந்தையை அடுத்த தவணைக்குத் தேடிப் பிடிப்பதில்தான் பாதி உயிர் போகும். குடும்பம் இடம் பெயர்ந்திருக்கும், பெயர் வேறாக எழுதியிருக்கும், அக்கா இருப்பாள், தம்பி ஆட்டுப் பின்னால் போயிருப்பான். ஒரு குப்பியைத் திறந்துவிட்டால் ஆள் வரும் வரை அது காத்திருக்காது. இந்தத் தேடலையும் செய்து, ஐஸ் உருகுவதற்குள் அடுத்த ஊருக்கு விமானத்தையும் தானே ஓட்டிப் போனார் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. எனக்கு ஐஸ் உருகினால் டீக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு அவர் பறக்கும் மருத்துவர் சேவையிலேயே விமானியாகவும் செவிலியராகவும் பணியாற்றினார். வெளிநாடுகளில் வாங்கிய விமானங்களைக் கடல் கடந்து ஓட்டிவரும் வேலையையும் செய்தார். 1973-இல் அந்தச் சேவையின் மேற்கு ஆஸ்திரேலியக் கிளை இயக்குநரான மருத்துவர் ஹரால்டு டிக்ஸை மணந்தார். 1975 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தபோது வயது 35. ஆஸ்திரேலியப் பெண் விமானிகள் சங்கம் தரும் நான்சி பேர்ட் விருது 1970-இல் இவருக்குக் கிடைத்தது. அந்தச் சங்கத்தைத் தொடங்கியதே நான்சி அம்மையார்தான் என்று படித்தேன். சரிதானே, செம்மண் சாலை ஐயா?


பதில்: செம்மண் சாலை

சரிதான், அம்மா. 1950-இல் தொடங்கி, முதல் சில ஆண்டுகள் அவரே தலைவராக இருந்தார். ஓரத்தானின் கேள்விக்கு விட்டுப்போன மிச்சமும் அதில் இருக்கிறது. 1938-இல் சேவையை நிறுத்தியவர் வானத்தை விட்டு முழுதாக விலகிவிடவில்லை. ஐரோப்பாவுக்குப் போய்ப் பயணிகள் விமானத் துறை எப்படி நடக்கிறது என்று பார்த்துக் கற்றார். பிறகு ஆஸ்திரேலியா திரும்பினார். வழியில் கப்பலில் சந்தித்தவர்தான் சார்லஸ் வால்டன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெண்களுக்கான வான் பயிற்சிப் படையின் நியூ சவுத் வேல்ஸ் தலைவராக இருந்தார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1958-இல் மறுபடி விமானம் ஓட்டி, அமெரிக்காவில் பெண்களுக்கென்று நடந்த கண்டம் கடக்கும் வான்பந்தயத்தில் கலந்துகொண்டார். ஏ380-க்குத் தன் பெயர் வைக்கப்பட்டதை 2008-இல் நேரில் பார்த்துவிட்டு, 2009 ஜனவரி 13 அன்று 93 வயதில் காலமானார். எனவே நீங்கள் தொடக்கத்தில் சொன்ன அந்த எஞ்சின் வெடிப்பை அவர் அறியவில்லை.


பதில்: ஓடுபாதை ஓரத்தான்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை இப்படித் திருத்தி எழுதியிருக்கிறேன்: ‘நான்சி பேர்ட் வால்டன், விமானி. பர்க் நகரத் தளம், 1935 முதல். செவிலியரை ஏற்றிச்சென்றார். விமானம் சொந்தம், செலவும் சொந்தம்.’ செவிலி அம்மா சொன்ன ராபின் மில்லருக்கு அடுத்த பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். நான்சியோடு முன்குழியில் பறந்த செவிலியரின் பெயரையும், அவர் நடத்திய முகாம்களைப் பற்றிய விவரத்தையும் யாராவது எழுதினால் சேர்த்துக்கொள்வேன். அதற்காக நான்கு வரி காலியாக விட்டிருக்கிறேன்.